ஏற்புரை இல்லாத கூட்டம்

வெள்ளவத்தையில் ஞாயிறு மாலைகளில் வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. அதனால் எங்கள் வாசகர் வட்டம் ஒருபோதும் நான்கு மணிக்குத் தொடங்கியதில்லை. நான்கேகாலுக்கு, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான ஜாபிர் நானா மூச்சு வாங்கியபடி படியேறி வருவார், மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள கதிரையைப் பிடித்துக்கொள்வார், பிறகுதான் கூட்டம். பல்கலைக்கழக விசாரணைக் குழு எனக்கு அனுப்பிய கடிதத்தில் 'பரிசோதனை' என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. அது கடுமையான சொல் என்று நினைக்கிறேன். அங்கே பிளேன்டீயும் மரவள்ளிப் பொரியலும் இருந்தன.

என் முதுதத்துவமாணி (எம்.ஃபில்) ஆய்வின் பொருள் குழு அறிந்ததே: தாய்மை பற்றிய நாவல்களில் வரும், வாசகருக்குப் பிடிக்காத தாய்மார். இத்தகைய பாத்திரங்களைப் பற்றி விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வேலை முடிந்து பஸ்ஸில் நின்றபடி வாசிக்கும் ஒருவர் அவர்களை ஏன் வெறுக்கிறார் என்பதை யாரும் கேட்டு எழுதவில்லை. எட்டுப் பேரைச் சேர்த்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி கொடுத்தேன். நாவலை வாசித்தபின் மனதில் பட்டதை அதில் எழுத வேண்டும். பெயர் வேண்டாம், அட்டையில் எண் மட்டும் போதும்.

மூன்று மாதங்களில் ஒரு விடயம் தெளிவாயிற்று. நாவலில் வரும் தாய் என்ன செய்தாள் என்பதை வாசகர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளையை அடித்தவளையும், விட்டுப் போனவளையும் அவர்கள் மன்னித்தார்கள், கடைசி அத்தியாயத்தில் அவள் அழுதால் போதும். அழாதவளை மன்னிக்கவில்லை. செயலைவிட வருந்தாமையே வெறுப்பின் ஊற்று என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கைவசம் இருந்த சான்று மெலிந்தது. நாவலின் தாய் எங்கோ தூரத்தில் இருப்பவள். அவள்மீது வரும் கோபமும் தேநீர் ஆறுவதற்குள் ஆறிவிடுகிறது. 'இந்த நாவல்காரங்களுக்குத் தாயப் பேயாக்கினாத்தான் பரிசு குடுப்பாங்க போல' என்று ஜாபிர் நானா சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பை வைத்து நான் என்ன எழுத முடியும்?

அந்த நிலையில்தான் ஆறாம் எண் கொப்பி என்னிடம் திரும்பி வந்தது.

ஆறாம் எண் இராமலெட்சுமி. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மணமாகிக் கொழும்புக்கு வந்தவர். புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை. கணவர் சாந்தகுமார் கட்டாரில். இராமலெட்சுமியும் நான்கு வயதை எட்டிக்கொண்டிருந்த மகள் யதுர்ஷியும் கொட்டாஞ்சேனையில் கணவரின் அக்கா ரஜனி வீட்டு மேல்மாடியில் இருந்தார்கள். ஞாயிறு மாலைகளில் பிள்ளையை ரஜனி பார்த்துக்கொள்வார். எட்டுப் பேரிலும் மிகக் குறைவாகப் பேசியவர் இராமலெட்சுமி. மிகக் கவனமாக வாசித்தவரும் அவரே.

பிள்ளையைத் தனியே விட்டு வெளியே போகும் ஒரு தாயைப் பற்றிய நாவலை அந்த வாரம் கொடுத்திருந்தேன். கொப்பியில் அவர் நாவலைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. தன்னைப் பற்றி எழுதியிருந்தார். ஆடிவேல் திருவிழா அன்று வீட்டில் எல்லோரும் ஊர்வலம் பார்க்கப் போய்விட்டார்கள். எட்டு மாதப் பிள்ளை மூன்று நாளாக அழுகையை நிறுத்தவில்லை. அவர் அதைப் பாயில் கிடத்தி, அறையைப் பூட்டி, மட்டக்குளி பஸ்ஸில் ஏறிப் போனார்; அங்கே இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பினார்; மறுபடி போனார். இப்படி நான்கு மணி நேரம். 'ஜன்னல் சீட்டு கெடைச்சுது. அழுகச் சத்தம் கேக்கல. நல்லாத் தூங்குனேன். அப்படி ஒரு தூக்கம் அதுக்கு முன்னாடியும் தூங்கல, பின்னாடியும் தூங்கல' என்று எழுதியிருந்தார்.

நான் வாசித்த எந்த நாவலிலும் இவ்வளவு துல்லியமான ஒரு வாக்கியம் இல்லை. ஒரு தாய், பூட்டிய கதவு, நல்ல தூக்கம். வருத்தமில்லை. நான் தேடிக்கொண்டிருந்த பனுவல் இதுவே என்று அப்போதே உணர்ந்தேன்.

அந்த நான்கு பக்கங்களைத் தட்டச்சு செய்து, வெளிவராத நாவலொன்றின் அத்தியாயம் என்று தலைப்பிட்டு, பிரதிகள் எடுத்தேன். எழுத்துகளை ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்று இராமலெட்சுமி முன்பே கையொப்பமிட்டிருக்கிறார். படிவம் இணைப்பில் உள்ளது. ஊர்ப் பெயரை மாற்றியிருக்கலாமே என்று என் ஆய்வை மேற்பார்வை செய்யும் பேராசிரியர் கேட்டார். மாற்றியிருக்கலாம். மட்டக்குளிக்குப் பதில் காலி வீதி என்று போட்டிருக்கலாம், ஆடிவேலை வெசாக் என்றும் எழுதியிருக்கலாம். அப்படிச் செய்தால் அது என் பனுவல் ஆகிவிடும். பனுவலில் கைவைக்கக்கூடாது என்பது நாங்கள் முதல் வருடத்திலேயே கற்கும் பாடம்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் இலக்கியக் கூட்டங்களில் நூலாசிரியர் முன்வரிசையில் இருப்பார். எல்லோரும் அவரது நூலைப் பிய்த்து எடுப்பார்கள். அவர் குறுக்கிட மாட்டார். கடைசியில் எழுந்து ஏற்புரை நிகழ்த்துவார். எவ்வளவு மோசமான கூட்டத்திலும் இறுதிச் சொல் அவருக்கே உரியது. அன்று நான் அறிமுகவுரையில், 'எழுதியவர் வெளிநாட்டில் இருக்கிறார், ஆகவே இன்று ஏற்புரை இல்லை' என்று அறிவித்தேன். இராமலெட்சுமி இரண்டாம் வரிசையில் இருந்தார். அப்போதுதான் பிரதியின் முதற்பக்கத்தைத் திருப்பினார்.

அன்று ஒன்பதாவது வாசகர் ஒருவரும் இருந்தார். ரஜனி. நான்தான் தொலைபேசியில் அழைத்திருந்தேன். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், விளையாட இடமிருக்கிறது என்றேன். பாத்திரத்துக்கு அருகில் வாழும் ஒரு வாசகரின் எதிர்வினை எனக்குத் தேவைப்பட்டது. அவரைவிட அருகில் யாருமில்லை.

ஒருவர் மாறி ஒருவர் உரக்க வாசித்தார்கள். யதுர்ஷி தாயின் மடியில் இருந்து, பிரதியின் பின்பக்கத்தில் பென்சிலால் பூனைப் படம் கீறிக்கொண்டிருந்தாள். வாசித்து முடிந்ததும் முதலில் பேசியவர் ஜாபிர் நானா. அன்று அவர் பகிடி விடவில்லை.

'இவ தாயா? எங்கட வீட்டுப் பூனைக்கு இதவிட பாசம் ஈக்கி. தூங்கினாவாம். நல்லாத் தூங்கினாவாம்.'

இன்னொருவர், இப்படிப்பட்டவளிடமிருந்து பிள்ளையைப் பிரித்து எடுக்க வேண்டும் என்றார். வேறொருவர், எழுதியவருக்கும் மனநோய் இருக்கலாம் என்றார். மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தேநீரை ஒருவரும் தொடவில்லை. ஒலிப்பதிவு ஐம்பத்திரண்டு நிமிடம். அதில் இராமலெட்சுமியின் குரல் ஒரே இடத்தில் கேட்கிறது. 'கத்தாத தங்கம், இந்தா, வாலையும் கீறு' என்று மகளிடம் சொல்கிறார்.

ரஜனி கடைசியாகப் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

'ஆடிவேல் முடிஞ்சு நான் வீட்ட வரேக்க எங்கட பிள்ளைக்குத் தொண்டை அடைச்சுப் போய்க் கிடந்தது. சளி எண்டு இவ சொன்னவ. நான் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தனான்.' பிறகு இராமலெட்சுமியின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கினார். 'வா செல்லம், மாமியோட வா.'

இராமலெட்சுமி என்னைப் பார்த்தார். ஏதாவது ஒன்றை நான் சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தது எனக்கு விளங்கியது. வந்தவர்களுக்கு நன்றி கூறிக் கூட்டத்தை முடித்தேன்.

மறுநாள் மதியம், கடையின் சாப்பாட்டு வேளையில், தொலைபேசியில் அழைத்தார். பின்னால் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளின் சத்தம் கேட்டது. அவர் என்னைத் திட்டவில்லை என்பதைக் குழு கவனிக்க வேண்டும்.

'மிஸ், அது நீங்க எழுதுன கதைன்னு சொல்லிருங்க. ஒரு வார்த்த போதும். நீங்க சொன்னா அவங்க நம்புவாங்க. படிச்சவங்க நீங்க. என் புள்ளய மதினி அவங்க ரூம்லயே படுக்க வைக்கிறாங்க மிஸ்.'

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன். கற்பனை என்று நான் சொல்லிவிட்டால் அந்த ஐம்பத்திரண்டு நிமிடமும் பயனற்றதாகிவிடும். என் மூன்றாம் இயல் முழுவதும் ஓர் உண்மையின் மேல் நிற்கிறது: நாவலென்று நம்பி, உண்மையான ஒரு தாய்க்கு வாசகர்கள் எதிர்வினை ஆற்றினார்கள். தவிரவும், பொய் சொல்வது எனக்கு இயல்பாக வருவதில்லை.

ஒன்பதாம் நாள் சாந்தகுமார் விமானத்தில் வந்தார். அக்காவும் தம்பியும் என் அறைக்கு வந்து கட்டில் விளிம்பில் இருந்தார்கள். சாந்தகுமார் கோபக்காரர் அல்ல. களைத்திருந்தார்.

'மிஸ், எனக்கு இலக்கியம் தெரியாது. அவ அது கதை எண்டு சொல்றா, அக்கா உண்மை எண்டு சொல்றா. நீங்க சொல்லுங்க. கதை எண்டா நான் வாற கிழமை திரும்பிப் போயிடுவன், பிள்ளை தாயோட இருக்கட்டும்.'

உண்மை என்றேன். அவர்கள் கேளாமலே கொப்பியையும் எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்தைக் கண்டதும் அவர் அதை மூடிவிட்டார்; ரஜனிதான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

இராமலெட்சுமி இப்போது மட்டக்குளியில், தன்னோடு வேலை செய்யும் பெண்கள் சிலருடன் ஓர் அறையில் இருக்கிறார். சில வாரங்கள் பாலர் பாடசாலை வேலிக்கு வெளியே நின்று மகளைப் பார்த்தார். பிறகு பாடசாலையை மாற்றிவிட்டார்கள். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு நடக்கிறது. அந்த நான்கு பக்கங்களும் நீதிமன்றத்தில் கொடுக்கப்பட்டிருப்பதாக அறிகிறேன். அவருக்காக வாதாட வந்த இளம் சட்டத்தரணி அவற்றை வாசித்துவிட்டு, இதற்குமேல் தன்னால் சொல்ல ஒன்றுமில்லை என்றாராம். அதுவும் ஒரு வாசக எதிர்வினையே.

குழு முழு விபரம் கேட்டிருப்பதால், விட்டுப்போன ஒன்றையும் சேர்க்கிறேன். கையெழுத்து யாருடையது என்று அறிந்தே பிரதி எடுத்தேன். ரஜனி யார் என்று அறிந்தே அழைத்தேன். பிள்ளை அந்த அறையில் இருக்கும் என்பதையும் அறிந்திருந்தேன். கொப்பியில் இராமலெட்சுமி எழுதியிருந்தது நான்கு பக்கமல்ல, ஐந்து.

ஐந்தாம் பக்கம் கொப்பியின் அடுத்த தாளில் இருந்தது. பிரதி எடுப்பதற்கு முன் அதை பிளேடால் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டேன். அதைச் சேர்த்தால் வாசகர்கள் அழுதிருப்பார்கள், அழுதால் மன்னித்திருப்பார்கள், நான் அளக்க விரும்பியது கலங்கிப் போயிருக்கும். அது இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் உள்ளதை அப்படியே தருகிறேன்:

'வந்து கதவத் தொறந்தப்ப புள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு. கன்னத்துல முத்தம் குடுத்தேன், உப்புக் கரிச்சுது. அன்னைக்கே அந்தப் பூட்டையும் சாவியையும் கொண்டுபோய் முகத்துவாரத்துல ஆத்துல எறிஞ்சேன். இப்பவும் ராவுல அவ கால ஒரு கையால புடிச்சிக்கிட்டுத்தான் படுக்குறேன். யாருக்கிட்டயும் சொன்னதில்ல. இந்த நாவல்ல வர்ற அம்மாவுக்கும் இப்படி ஒரு பக்கம் இருந்திருக்கும் மிஸ். எழுதுனவங்க விட்டுட்டாங்க.'

நல்ல அவதானிப்பு. மூன்றாம் இயலின் அடிக்குறிப்பொன்றில் அதைச் சுட்டியிருக்கிறேன். அந்தத் தாளை ஏன் சாந்தகுமாரிடம் கொடுக்கவில்லை, ஏன் இன்றுவரை சட்டத்தரணிக்கு அனுப்பவில்லை என்று குழு கேட்கலாம். நான் எதையும் மறைக்கவில்லை. அவர்கள் என்னிடம் கேட்டது அது கதையா உண்மையா என்று மட்டுமே. முழுமையானதா என்று ஒருவரும் கேட்கவில்லை.