கசக்காத மருந்து

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது எல்லோருக்கும் கைவந்துவிடாது, ஐயா. கீழ் இமையை லேசாக இழுக்க வேண்டும். அங்கே உண்டாகும் குழியில் ஒரு சொட்டு. புட்டியின் முனை இமைமயிரில் பட்டுவிடக் கூடாது. நர்ஸ் ஒருமுறை காட்டினார், அடுத்த முறை நானே விட்டேன். "சார், நீங்க எங்ககிட்ட வேலைக்கே சேந்துடலாம்" என்றார்.

எங்களுக்குக் கீழே சலவைக்கடை, மேலே வீடு. கடை என்னுடையது. என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். நான் இஸ்திரிப் பெட்டியோடு நின்ற இடத்திலேயே நிற்பேன். அவள் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு படியேறுவாள். பிறகு இடது கண்ணில் நரம்பு பட்டுப்போய் இருட்டியது. கற்றுக்கொடுப்பதை விட்டாள், வண்டியை விடவில்லை. வலது கண்ணில் புரை விழுந்ததும் அதையும் விட்டாள்.

அதன்பின் கடையில் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். சட்டைப் பொத்தான்களைத் தடவித் தடவிப் போடுவாள். "இது நீலமா, கறுப்பாங்க?" என்று கேட்பாள். நான் சொன்னதுதான் நிறம். தெருவைக் கடக்க என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் இருந்ததில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆபரேஷனுக்கு அவளைத் தயார் செய்ததில் என்னிடம் ஒரு குறையும் காண முடியாது. பிறகு கொஞ்ச நாள் தலையில் தண்ணீர் படக் கூடாது என்பதால் முந்தின நாளே தலைக்குக் குளிக்க வைத்தேன். தலையணை உறையை வெந்நீரில் துவைத்துத் தேய்த்து வைத்தேன். காலையில் போனால் மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். பச்சை அங்கி மாட்டி, வலது புருவத்துக்கு மேலே அடையாளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டி உட்கார வைத்தார்கள்.

"வீட்டுல கூட யாரு இருப்பாங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

"இவர்தான். பாத்ரூமுக்குப் போனாலும் கதவுகிட்டயே நிப்பாரு. எனக்குக் கண்ணுல மட்டுமில்ல சிஸ்டர், கழுத்துலயும் ஒரு கட்டு இருக்கு. அதையும் சேத்து அவுத்து விட்டுருங்க."

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் என்னை வெகுநேரம் பார்த்தாள். "ரொம்ப நரைச்சிட்டீங்களே" என்றாள். அப்புறம் ஜன்னலுக்குப் போனாள். கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை.

மருந்து விட்டதும் முகத்தைச் சுளிப்பாள். கண்ணில் விட்டது தொண்டைக்கு இறங்கும், கசக்கும். அப்படிச் சுளித்துக்கொண்டேதான் ஒருநாள் சொன்னாள்: "கண்ணு சரியானதும் அக்கா வீட்டுக்குப் போறேங்க. நானே ஓட்டிட்டுப் போயிருவேன்."

"எத்தன நாளு?"

"போய்ப் பாத்துட்டுச் சொல்றேனே."

கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் தூங்கும்போது புட்டியின் முனையைக் கழற்றி மருந்தைக் கொட்டினேன். துணிக்குத் தெளிக்கக் கடையில் வைத்திருக்கும் தண்ணீரை ஊற்றினேன். நாள்பட்ட தண்ணீர்தான். ஆறுவது கொஞ்சம் தாமதமாகட்டும், அவ்வளவுதான் என் எண்ணம். தாமதமாக ஆறினால் யாருக்கு என்ன நஷ்டம்?

"இப்பல்லாம் மருந்து கசக்கவே இல்லையே" என்றாள்.

"பழகிருக்கும்" என்றேன்.

கண் சிவந்தது. அப்புறம் சீழ் வைத்தது. "உள்ள குத்துதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றாள். புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்று வலி மாத்திரை கொடுத்தேன். டாக்டர் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வந்தது. "நல்லா இருக்காங்க, தூங்கறாங்க" என்றேன். அவள் அப்போது முழித்துக்கொண்டு, என் பின்னால்தான் நின்றிருந்தாள். அது எனக்கு அன்று தெரியாது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் வலி என்று சொல்லவே இல்லை. குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். படியில் தடுக்கி விழுந்துவிட்டால்?

நான் துணி கொடுக்கப் போயிருந்த நேரத்தில் ஜன்னலிலிருந்து கத்தியிருக்கிறாள். அவளிடம் ஓட்டப் பழகிய பெண் ஒருத்தி கீழே காரில் போய்க்கொண்டிருந்தாளாம். எடுத்ததற்கெல்லாம் பிரேக்கை மிதிப்பாள் என்பதால் என் மனைவி அவளுக்கு 'பிரேக்கு' என்றே பெயர் வைத்திருந்தாள். அன்றும் மிதித்திருக்கிறாள். பூட்டை உடைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். டாக்டரிடம் என் மனைவி முதலில் சொன்னதே மருந்து கசக்கவில்லை என்பதுதானாம். புட்டியை எடுத்து வரச்சொல்லி அந்தப் பெண்ணைத் திரும்ப அனுப்பியிருக்கிறாள்.

சோதித்ததில் என்ன வந்தது என்பது உங்கள் கையில் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. தண்ணீரை ஊற்றியவன் நான். சீழைப் பார்த்த பிறகும் அதையே விட்டவன் நான். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று உங்கள் ஆட்கள் என்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். அறையிலிருந்து அவள் வெளியே வந்தாள். அந்தப் பெண் கையை நீட்டினாள். "வேணாம்டி, சுவரு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு" என்றாள்.

"வலது பக்கம், டீச்சர்."

சுவரைத் தடவிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். நான் செருமினேன். ஒரு நொடி நின்றாள். பிறகு முன்னைவிட வேகமாக நடந்து, திருப்பத்தில் மறைந்துவிட்டாள். விலங்கு இல்லாமல் இருந்திருந்தால் ஓடிப்போய்ப் பிடித்திருப்பேன். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை தெரியுமா?

எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், ஐயா. அவளை மட்டும் தனியாக நடக்க விடாதீர்கள்.