குங்குமம் பட்ட இத்தாலி கார்

கும்மிடிப்பூண்டியில் கிளம்பிய சென்னை ரயிலில், எனக்கு எதிரே இருவர்.

"குங்குமம் வெச்ச கைய ஒடிக்கணும்டா," என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வெச்சது தப்பாண்ணா?" என்றான் பக்கத்திலிருந்த இளைஞன்.

"அது மொதலாளியோட பழைய இத்தாலி ரேஸ் காருடா! கம்பெனில அடிச்ச வெள்ளி பெயிண்டு, இதுவரைக்கும் எவனும் கை வெக்கல. நம்ம ஷெட்டு பசங்க பானெட்டு பூரா குங்குமத்தக் கொழைச்சி அப்பி, வெயில்ல உட்டானுங்க. கறை போவவே மாட்டேங்குது."

"மொதலாளி இன்னா சொன்னாரு?"

"முழுசா செவப்பு அடிச்சிடுன்றான்! இத்தாலி காருன்னாவே செவப்புதானாம். அந்த வெள்ளிக்கும் உள்ள இருக்கிற நீலத் தோல் சீட்டுக்கும் அப்படி ஒரு பொருத்தம்டா. இனிமே எங்க போய்ப் பாப்பேன்?"

"செவப்பு சூப்பரா இருக்கும்ணா."

அடுத்த ஸ்டேஷனில் அவர் இறங்கி, வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.