ஒரே ஜோடி

பனியில் சறுக்க ஸ்கீ வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் எடையைக் குறைத்துச் சொல்வார்கள். திறமையைக் கூட்டிச் சொல்வார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. கடைக்குள் நாலடி நடக்கச் சொல்வேன். முழங்கால் மடங்குகிற விதத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். நீங்களும் போன வருஷம் எடையைக் குறைத்துத்தான் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். நான் உங்கள் நிஜமான எடைக்குத்தான் பூட்ஸைப் பிடிக்கிற பைண்டிங்கை வைத்துக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு நாளும் கை தவறியதில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், அசதியில் நேர்ந்த பிழை என்று எழுதிக்கொள்ளலாம் என்று காலையில் சொன்னீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். அப்படி எழுத வேண்டாம்.

என் தம்பி செவரினை உங்களுக்குத் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் அவனிடம் ஸ்கீ கற்காத பிள்ளைகள் குறைவு. உங்கள் மகளுக்கும் அவன்தான் கற்றுக்கொடுத்தான். அம்மாவும் அப்பாவும் கணவாய்ச் சாலையில் காரோடு விழுந்து இறந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. கடையோடு அவனும் என் பொறுப்புக்கு வந்தான். அவனுக்கு முதல் பூட்ஸ் மாட்டிவிட்டது நான். கிராட்ஸ் நகரத்து ஆசிரியர் ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். நல்ல மனிதர். அங்கே பனிமலை இல்லை, செவரின் என்ன செய்வான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இதையெல்லாம் தியாகமாகச் சொல்லவில்லை. அப்போது எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

மூன்று குளிர்காலங்களுக்கு முன்னால் டோருன் வந்தாள். நார்வேக்காரி. பனிச்சரிவை ஆராய்கிற வேலை. உயரமானவள், அதிகம் பேசமாட்டாள், மேஜையில் எதை வைத்தாலும் மீதி வைக்காமல் சாப்பிடுவாள். அவளை வெறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன். அடுத்த குளிர்காலத்தில் செவரின் கடைக்கு வந்து, வசந்தத்தில் அவளோடு வடக்கே போய்விடப் போவதாகச் சொன்னான். கடலோரத்திலேயே மலை இருக்கிறதாம். ஸ்கீ பள்ளி ஒன்றில் வேலையும் பேசியாகிவிட்டதாம்.

"விமானத்துல ஒரே ஜோடிதான் கொண்டுபோக முடியும்கா. அதனால நீ பாத்துக் குடு. ஐஸ்ல கடிக்கணும், புதுப்பனியில மிதக்கணும், காத்தடிச்சு இறுகிப்போன பனியில ஆடக் கூடாது. கல்யாணத்துக்கும் போட்டுக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும்" என்றான்.

"அப்படி ஒரு ஸ்கீயும் கிடையாது, அப்படி ஒரு புருஷனும் கிடையாது."

"டோருன் கிடைச்சிட்டான்னு சொல்றாளே."

"அவ இன்னும் உன் சாக்ஸைத் துவைக்கல. துவைக்கட்டும், அப்புறம் சொல்லட்டும்."

சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஸ்கீயைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பொய் இல்லாமல் சொல்கிறேன், வேறு யாருக்கும் நான் அவ்வளவு யோசித்துக் கொடுத்ததில்லை. ஒடுங்கலாக இருந்தால் ஐஸில் கடிக்கும், ஆழமான பனியில் அமிழ்ந்துவிடும். அகலமாக இருந்தால் மிதக்கும், ஐஸில் கால் ஓய்ந்துவிடும். காலுக்கடியில் அகலம் தொண்ணூற்றாறு மில்லிமீட்டர் என்று முடிவு செய்தேன். மரம்தான் உள்ளே, மேலும் கீழும் மெல்லிய உலோகத் தகடு. முன்முனை கொஞ்சம் சீக்கிரமே மேலே வளைகிற வகை. சுமாரான ஆளிடம் கொடுத்தால் அது அவனை இழுத்துக்கொண்டு போய்விடும். செவரின் கையில் அது பேச்சைக் கேட்கும். அங்கே கடற்காற்றில் பனி ஒரு நாள் ஈரம், மறுநாள் கண்ணாடி. இரண்டுக்கும் அதுதான் சரி. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பிறகு பைண்டிங்கைப் பொருத்தினேன்.

பைண்டிங் பூட்ஸைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும், விழும்போது விட்டுவிடவும் வேண்டும். எவ்வளவு இழுத்தால் விடும் என்பதற்கு ஒரு திருகு, ஒரு எண். அந்த எண் ஒரு சின்ன ஜன்னலில் தெரியும். நான் அவனுக்கு வைக்க வேண்டியதைவிட வெகுவாகக் கூட்டி வைத்தேன். வேகமாக விழுந்தால் எப்படியும் கழன்றுவிடும். மெதுவாக, முறுக்கிக்கொண்டு விழுந்தால் விடாது. ஸ்கீ நின்ற இடத்தில் நிற்கும், முழங்கால் மட்டும் திரும்பும்.

ஒரு முழங்கால்தான். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஒரு குளிர்காலம் வீணாகும், அந்தப் பள்ளிக்கூட வேலை வேறு ஒருவனுக்குப் போகும், டோருனும் எத்தனை நாள் காத்திருப்பாள். அவன் பிழைப்பே அந்த முழங்கால்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவனுக்குச் சோறு போட நான் இருந்தேன்.

இரண்டாவது வாரமே விழுந்தான். நின்று மாணவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன், யாரோ இடித்ததில் சாய்ந்தானாம். சத்தம் கேட்டதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். தசைநார் இரண்டு அறுந்து, எலும்பின் தலையும் விரிசல் விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் முகம் சாம்பலாக இருந்தது. நான் வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகை நடிப்பு இல்லை.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அவை. அவன் என் வீட்டில், அடுப்புக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தான். தலைக்கு ஊற்றிவிட்டேன். ரொட்டி உருண்டை சூப் வைத்துக்கொடுத்தேன். மாலையில் கடையை அடைத்துவிட்டு வந்து சீட்டாடினோம். வேலைக்காக நார்வே திரும்பியிருந்த டோருன் தொலைபேசியில் கூப்பிடும்போது அவன் தூங்குகிறான் என்று சொன்னேன். சில சமயம் அவன் தூங்கவும் செய்தான்.

ஆனால் அவள் காத்திருந்தாள். விடுப்பு கிடைத்தபோதெல்லாம் வந்தாள். அப்படி வந்தபோது ஒரு முறை அந்த ஸ்கீயை வாடகைக் காரில் போட்டு எடுத்துப் போனாள். விற்றுவிட்டதாகச் சொன்னாள். எனக்கு அதைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது. அதற்குப் பிறகு கடையில் மற்றவர்களுடைய பைண்டிங்குகளைத் திரும்பத் திரும்பச் சோதித்தேன். உங்களுடையதை மூன்று தடவை. இனி ஒருபோதும் அவனை எதுவும் செய்யமாட்டேன் என்று தேவாலயத்தில் மண்டியிட்டுச் சொன்னேன். சொல்லும்போது அதை நம்பவும் செய்தேன்.

இந்த வருஷம் அவன் முழுசாகக் குணமானான். டோருன் நீண்ட விடுப்பில் வந்து அவனோடு தங்கினாள். ஈஸ்டர் முடிந்ததும் கிளம்புவதாக முடிவு. ஒரு நாள் கடைக்கு வந்து, என் முன்னால் மேஜையில் பூட்ஸை வைத்தான்.

"திரும்பவும் நீயே பாத்துக் குடுக்கா. ஒரே ஜோடி."

"இன்ஸ்ப்ரூக்ல பெரிய கடைங்க இருக்கு. மெஷின்ல எல்லாம் வச்சுப் பாப்பாங்க" என்றேன். இதை நான் சொன்னேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் அவனைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன்.

"மெஷினுக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியும்" என்றான். பூட்ஸை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ செஞ்சாத்தான் நான் போடுவேன்" என்றான்.

அதே அகலம்தான் எடுத்தேன். வால் பக்கம் மட்டும் சற்று இளகலான வகை, திருப்பத்தின் கடைசியில் முழங்காலை வாட்டாமல் விட்டுவிடும். நீளத்தையும் கொஞ்சம் குறைத்தேன். விளிம்பை நானே கையால் தீட்டினேன். அவன் அதைத் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி முகர்ந்தும் பார்த்தான்.

போன முறை அவனுக்கு மிகவும் வலித்துவிட்டது. அந்த வலியை மறுபடி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்த முறை திருகை எதிர்ப்பக்கம் திருப்பினேன். வெகுவாகத் தளர்த்தினேன். முழங்காலுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. நின்றுகொண்டிருக்கும்போதே ஸ்கீ கழன்று போகும், அவ்வளவுதான். கழுத்தெலும்பு முறியலாம், மணிக்கட்டு பிசகலாம். பயணம் தள்ளிப்போகும். அன்பில்லாமல் இதைச் செய்ததாக நினைக்காதீர்கள். எப்படிச் செய்தால் அவனுக்குக் குறைவாக வலிக்கும் என்றுதான் யோசித்தேன்.

மறுநாள் காலை அவன் கடை ஓரத்துப் பயிற்சிச் சரிவில் போய்ச் சோதித்துப் பார்ப்பான் என்று நம்பியதாக முந்தைய வாக்குமூலத்தில் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

அந்தச் சரிவில் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். பஞ்சு மாதிரிப் பனி. பொத்தென்று விழுந்து எழுந்து, குனிந்து எண்ணைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு போயிருப்பான். ஒன்றும் ஆகியிருக்காது. பயணமும் நின்றிருக்காது.

அன்று காலை அவனும் டோருனும் ஸ்கீயை எடுக்க வந்தபோது வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "எங்க போகலாம்கா?" என்று கேட்டான். வாசலில் நின்று மலையைப் பார்த்தேன். வடக்கு முகத்தில் நிழல் இன்னும் இருந்தது. "பூனைச் சந்து இப்ப நல்லா இருக்கும்" என்றேன். உங்களுக்கு அந்த இடம் தெரியும். மேலே இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆள் அகலத்துக்கு ஒரு வழி, உடனே செங்குத்து, கீழே வலப்புறம் பாறை. அங்கே விழக் கூடாது என்பதுதான் அந்த இடத்தின் ஒரே சட்டம். பனி அங்கே நன்றாகவே இருந்தது. அதில் நான் பொய் சொல்லவில்லை.

அவர்கள் மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்ட் பக்கம் நடந்து போவதைப் பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடும் தூரம்தான். ஒரு ஜெர்மன்காரர் தன் மனைவிக்குப் பூட்ஸ் இறுக்கமாக இருப்பதாகச் சொன்னார். உள்ளே போய் அதைத் தளர்த்திக் கொடுத்தேன்.

இரண்டாவது திருப்பத்திலேயே இடது ஸ்கீ கழன்றதாக டோருன் சொன்னாள். அவன் சத்தம் போடவில்லையாம். ஒற்றைக் காலில் ஒரு திருப்பம் எடுத்தானாம், அதுவே பெரிய காரியம். பிறகு அந்தக் காலின் ஸ்கீயும் கழன்றது.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். திருகு தளர்ந்திருந்தது உண்மை, ஆனால் கிழவியின் கை தவறிவிட்டது என்று ஊரே நம்பத் தயாராக இருந்தது. கடை வாசலில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். பாதிரியார் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். நேற்று சவக்கிடங்குக்கு வெளியே டோருன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பழைய ஸ்கீயை அவள் விற்கவில்லையாம். இன்ஸ்ப்ரூக்கில் மெஷினில் வைத்துப் பார்த்திருக்கிறாள். எண் அவ்வளவு கூடுதலாக இருப்பதைக் கண்டு போலீஸுக்குப் போகலாம் என்றிருக்கிறாள். செவரின்தான் தடுத்தானாம்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னான். அக்கா கை தப்பு செஞ்சிடுச்சு, அது தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க, கடையையும் மூடிடுவாங்கன்னான். அதனாலதான் திரும்பவும் உங்ககிட்டயே வந்தான். உங்களை நம்பறான்னு காட்டறதுக்கு" என்று டோருன் சொன்னாள். அவளுடைய ஜெர்மன் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் ஒரு சொல்லும் எனக்குப் புரியாமல் போகவில்லை. "சந்துக்கு மேல நின்னப்போ நான் சொன்னேன், ஒரு தடவை குனிஞ்சு எண்ணைப் பாத்துக்கோன்னு. மாட்டேன்னான். பாத்தா நான் அக்காவைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்னான்."

அப்புறம் அவள், "இது உங்க தப்பில்ல, புர்கா. உங்களுக்கு வயசாச்சு" என்று என் பெயர் சொல்லி, தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய் இரவெல்லாம் யோசித்துவிட்டு இங்கே வந்தேன். கை தவறியது என்று அவன் நினைத்துக்கொண்டு போனான். தவறவில்லை. இரண்டு முறையும் தவறவில்லை. முதல் முறை அவனை முடமாக்க நினைத்தேன், முடமாக்கினேன். இரண்டாம் முறை, பூனைச் சந்து என்று வாய் திறந்தபோது, அவன் எழுந்து வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். என் தம்பியைக் கொன்றது நான். அவன் என்னை மன்னித்துவிட்டு அதில் ஏறி நின்றான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். வக்கீல் வேண்டாம். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. டோருன் அவனை எரித்துச் சாம்பலை நார்வேக்குக் கொண்டுபோகக் கேட்டிருக்கிறாள். அவர்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, உரிமை என்னுடையது, நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். இதில் கையெழுத்துப் போட்டால் அந்த உரிமை எனக்கு இருக்குமோ இருக்காதோ தெரியவில்லை. நீங்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும், இன்ஸ்பெக்டர். அவளிடம் கொடுத்துவிடாதீர்கள். அங்கே அவனுக்கு யாரையும் தெரியாது.