யசிந்தாவை இல்லையெண்டு சொன்னன்

பிள்ளையள், எங்களுக்கு அப்பான்ர பக்கத்தில மாமி இல்லையோ எண்டு போன கிழமை பிரெஞ்சில கேட்டியள். இதுதான் பதில். இப்ப விளங்காது. வளந்தாப் பிறகு முழுக்க வாசியுங்கோ.

ஓடுறன். 1990 ஆனி, ஊரில. பின்னேரம் மூண்டரை. முதல் ஷெல் சத்தம் தூரத்தில, கதவு அடிச்ச மாதிரி. பேந்து விசில். விசில் நிண்டால் விழப்போகுது. அம்மா எனக்குப் பின்னால. தங்கச்சி யசிந்தா முன்னால. அவளுக்குப் பதினெட்டு. பங்கர் வாசலில நிண்டு கத்துறாள்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

நாலு வளவு தள்ளி நிண்ட சனத்துக்கும் கேட்டது. படுத்தினம். அம்மாவுக்கு முழங்கால் மடியாது. அம்மா படுக்கேல்லை.

அப்பிடி ஒரு குரல். கொன்வென்ற் சிஸ்டர் ஒருத்தர் பியானோவில வைச்சுப் பழக்கினவ. ஒபெரா எண்டால் எங்கட கூத்து மாதிரி. கதை முழுக்கப் பாட்டு. மைக் இல்லை. பெண் குரலில ஆக மேல போறதை சொப்ரானோ எண்டுவினம். யசிந்தா சொப்ரானோ.

1991 மாசி. மொன்றியல். பார்க் எக்ஸ்டென்ஷனில ஒரு அறை, ஆறு பேர். டவுன்டவுன் சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவுறன். அகதிக் கேஸ் எழுதித் தாற அண்ணை ஒருத்தர் இருந்தார். என்ர கதையைக் கேட்டுக் கொட்டாவி விட்டார்.

"தம்பி, அம்மா மட்டும் காணாது. எல்லாருக்கும் ஒரு அம்மா செத்திருக்கு. தங்கச்சியையும் போடுவம்."

"அவள் இருக்கிறாள் அண்ணை."

"இருக்கட்டுமன். இஞ்ச வந்து, நான் இருக்கிறன் எண்டு சொல்லப்போறாளே?"

போட்டன். விசாரணையில அழுதன். அழுகை உண்மை. அது அம்மாவுக்கு. கேஸ் சரிவந்தது.

யசிந்தா கொழும்புக்குப் போனாள். பகலில தையல். பின்னேரம் பாட்டுப் படிப்பு. 1993இல ஒரு சின்ன மண்டபத்தில ஒபெரா. வேலைக்காரி வேஷம். ஒரு பின்னேரம், நாலு வரி. அடுத்த வருஷம் நாயகி. மூண்டு பின்னேரம் பாடினாள். பாடினதைக் கசற்றில பதிஞ்சு அனுப்பினாள். அதைக் கொண்டு டவுன்டவுனில பாட்டுப் படிப்பிக்கிற பெரிய இடத்துக்குப் போனன். கையில இன்னும் சவர்க்கார மணம். அங்க படிப்பிக்கிற மடாம் ஒருத்தர் போட்டுக் கேட்டா. கதிரையால எழும்பிட்டா. இன்னொருக்காப் போட்டா. புரட்டாதியில சேரலாம், செலவு தாங்கள் பார்ப்பம் எண்டா.

யசிந்தா விசாவுக்கு எழுதினாள். சகோதரன் மொன்றியலில எண்டு என்ர பேரைப் போட்டாள். ஏன் போடமாட்டாள்? கேஸில அவளை நான் சாக்காட்டினது அவளுக்குத் தெரியாது.

1995 பங்குனி. காலமை பத்து மணி. இமிகிரேஷன் கந்தோருக்குக் கூப்பிட்டு மேசையில ஒரு படம் வைச்சினம். மேடைப் படம். வெள்ளைச் சட்டை. வாய் திறந்திருக்கு. சுவர் மணிக்கூடு டிக், டிக்.

இவ உங்கட தங்கச்சியோ? அதிகாரி ஐயா கேட்டார்.

மூத்தவனுக்கு அப்ப ஒரு வயசு. சின்னவள் உங்கட அம்மான்ர வயித்தில. ஓம் எண்டால் பொய்க் கேஸ். எல்லாரும் ஊருக்குத் திரும்பிப் பிளேன் ஏறவேணும்.

இல்லை எண்டன். என்ர தங்கச்சி செத்திட்டாள் எண்டன்.

விசா இல்லை. யசிந்தா டெலிபோன் எடுத்தாள்.

"அண்ணை, நான் உன்ர தங்கச்சி இல்லையாம். உவங்களுக்கென்ன விசரே?" சிரிக்கிறாள்.

அப்பவாவது சொல்லியிருக்கலாம். வெக்கம். "ஏதோ பிழை விட்டிட்டாங்கள். கோயில்ல உன்ர ஞானஸ்நானப் பதிவை எடுத்து அனுப்பு" எண்டன். வந்தாலும் நான் காட்டப்போறேல்லை. நாளைக் கடத்தச் சொன்னது.

அவள் போனாள். சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. வள்ளத்தில கடல் தாண்டி ஊருக்குப் போனாள். வைகாசி, வெள்ளிக்கிழமை, காலமை ஒன்பதே கால். பங்குச் சுவாமியார் எனக்கு எழுதின கடிதத்தில நேரம் இருக்கு. கோயில் ஒழுங்கை. மூண்டு ஷெல். பதிவு அவளின்ர கையில. ஷெல் துண்டு கழுத்துக்குள்ளால போனது.

உயிர் இருக்கு. கதைச்சால் காத்துத்தான் வருது. பதிவை அனுப்பினாள். மூலையில கறுத்த கறை. கூட ஒரு கடதாசித் துண்டு. "அண்ணை, இதைக் காட்டு."

போனது இவ்வளவு. அம்மா. அண்டைக்கு ஒழுங்கையில நிண்ட இரண்டு பிள்ளையள், எட்டு வயசும் ஐஞ்சு வயசும். ஒரு குரல். அதுக்கு வயசு இருபத்திமூண்டு. மேடை ஏறினது எல்லாமா நாலு பின்னேரம். புரட்டாதியில வேற ஒரு பிள்ளை அந்த இடத்தில சேர்ந்தது. உங்கட மாமி. அவளை ஷெல் கொண்டுபோகேல்லை. நான்தான்.

பதிவு வந்த ஞாயிறு காலமை உங்கட அம்மா உங்களைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனா. நான் உடுப்புத் தோய்க்கக் கட்டடத்தின்ர நிலவறைக்கு இறங்கினன். ஒருத்தரும் இல்லை. மூண்டு மெஷினையும் ஓடவிட்டன். ஒண்டுக்குள்ளதான் உடுப்பு. மற்ற இரண்டும் வெறுமை. சத்தம் நல்லாக் கூடுமட்டும் நிண்டன். பேந்து சொன்னன்.

"ஓம் ஐயா. இவ என்ர தங்கச்சி."