ஊதிக் காட்டு

இரவு ஒன்பது மணி. மார்கழிப் பனி. தண்டலத்தில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே பிரியும் சாலை... கம்பெனி பஸ் எல்லாம் போன பிறகு அதில் நாய்கூட நடக்காது. அந்தச் சாலையின் கடைசித் தகரக் கொட்டகையில்தான் நடந்தது. என் பெரியம்மா மகன் தளவாய் அண்ணனுக்கு நடந்தது.

அந்தோணி, மெழுகுவர்த்தியை என் முகத்துக்கு நேராக வைக்காதே. தள்ளி வை. இன்னும் தள்ளி. கரண்ட் வர ஒரு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு கேளுங்கள். சற்று முன் ரூமுக்குள் நுழைந்ததும், “குடிச்சிருக்கியாடே?” என்று கேட்டாய். நான் உன் சட்டையைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று சொல்கிறேன். அதற்குள் இன்னொரு தரம் கேட்டால் உன் பல் இருக்காது.

நீங்களெல்லாம் ஒரகடத்தில் புது வண்டிக்கு ஸ்க்ரூ முடுக்குகிறவர்கள். அந்தக் கொட்டகைக்கு வருவது ஓட்டி நொறுக்கிய ரேஸ் கார். என்ஜினுக்கு மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் அலுமினியப் பாகம் இருக்கிறதே, சிலிண்டர் ஹெட், அது சூடு தாங்காமல் விரிசல் விடும். அந்த விரிசலை ஒட்டுவதில் கன்னியப்பனை அடிக்க ஆள் கிடையாது. பக்கத்து ஊர்க்காரர். ஹெட்டை அடுப்பில் வைத்துச் சுட வைத்து, வெல்டிங் வைத்து, சூடான மணலில் புதைத்துவிடுவார். ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே கிடந்து மெதுவாக ஆற வேண்டும். காலையில் எடுத்து, தண்ணீர் ஓடும் துளைகளைத் தகடு வைத்துப் பத்து போல்ட்டு போட்டு அடைத்து, உள்ளே காற்று ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் முக்குவார். குமிழி வந்தால் விரிசல் இருக்கிறது. வராவிட்டால் வேலை முடிந்தது.

முதலாளி நாகப்பன். வேலைக்கு மூன்று பேர். கன்னியப்பன், தளவாய் அண்ணன், இன்னொருத்தன். அவனை விடு.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்கழி. கன்னியப்பன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், கழுத்தில் துளசி மாலை. எல்லாரும் அவரைச் சாமி என்றோம். அவரும் எல்லாரையும் சாமி என்பார், நாயைக்கூட. டீக்குக்கூடத் தனி டம்ளர் வைத்திருந்த மனிதர். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மணலில் ஹெட்டு புதைத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. நாகப்பன் வந்து தோண்டு என்றான்.

“இன்னா சாமி அவசரம்? மணல்லயே கெடக்கட்டும். காலைல டெஸ்ட் பண்ணிக்கலாம்.”

“ஞாயித்துக்கெயம ரேஸு. உன் மணலு ஆறுற வரிக்கும் எவன் காத்துகினு இருப்பான்?”

தோண்டினார்கள். தகடு மாட்டும்போது தளவாய் அண்ணன் பத்து போல்ட்டையும் கையில் எடுத்தான். “நாலு போதும்டா, சும்மா ஒரு பார்வை” என்றான் நாகப்பன். நாலுதான் போட்டான். தொட்டியில் முக்கினார்கள். ஒரு ஓரத்தில் குமிழி வருகிற மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. சாமி தொட்டிமேல் குனிந்து பார்த்தார்.

“காத்த ஏத்து” என்றான் நாகப்பன். “இன்னும் ஏத்து.”

டப்.

தகடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து சாமியின் தொண்டையில் அடித்தது. அப்படியே தொட்டிக்குள் முகம் குப்புற... தூக்குவதற்குள் நாலு குமிழி வந்தது. எண்ணி நாலு. அவ்வளவுதான்.

அந்த நாய்ப்பயல் நாகப்பன் என்ன செய்தான் தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் போன் போடவில்லை. டாஸ்மாக் மூடுவதற்குள் ஒரு குவாட்டர் பிராந்தி வாங்கி வா என்று அந்த மூன்றாவது ஆளை விரட்டினான். பாட்டில் வந்தது. மாலையை அறுத்து இரும்புத்தூள் டப்பாவில் வீசினான். தளவாய் அண்ணனிடம் பாட்டிலை நீட்டி, “நாலு போல்ட்டு போட்டது நீ. உள்ள போறியா, ஊத்துறியா?” என்றான்.

அண்ணன் ஊற்றினான். மாலை போட்டிருந்த மனிதர் வாயைப் பிளந்து, செத்துப்போன வாயில், ஊற்றினான்.

குடித்துவிட்டு வேலை பார்த்துச் செத்தான் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். ஊரே சொன்னது, விரதத்தில் குடித்தவனை அய்யப்பன் சும்மா விடுவாரா என்று. அவர் பெண்சாதி பாஞ்சாலி அக்கா கோயில் பக்கம் போவதையே விட்டுவிட்டது.

அடுத்த மார்கழி. அதே ரேஸ் வண்டி, அதே இடத்தில் விரிசல். அண்ணன் மட்டும் தனியாக நின்று டெஸ்ட் பண்ணினான். பத்து போல்ட்டு போட்டான். தொட்டியில் முக்கினான். காற்றுக் குழாயை மாட்டக்கூட இல்லை, கரண்ட் போய்விட்டது. கம்ப்ரஸர் நின்றது. ஒரே அமைதி...

குளுக்.

டார்ச் அடித்துப் பார்த்தான். ஹெட்டிலிருந்து ஒரு குமிழி. பிறகு இரண்டு, மூன்று, நாலு. நிற்கும். மறுபடியும் நாலு. குழாய் அவன் கையில் இருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்கால் நடக்கிற சத்தம். சப்... சப்... தொட்டிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

குமிழி உடையும்போது துளசி வாடை வந்தது. அதற்கடுத்த குமிழியில் பிராந்தி வாடை. அப்புறம் அவன் முகத்தில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது. ஹா... என்று. போலீஸ்காரன் ஊது என்றால் நாம் ஊதிக் காட்டுவோமே, அப்படி. திரும்பத் திரும்ப.

“நீங்க குடிக்கல சாமி! நாந்தான் ஊத்துனேன்... நாந்தான் சாமி!”

குமிழி நின்றது. கரண்டும் வந்தது. அண்ணன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். விடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஸ்டேஷனுக்குப் போனான். வாயைத் திறந்ததும் ஏட்டு மூக்கைப் பொத்தினார். “காலங்காத்தால தண்ணியப் போட்டுட்டு வந்து கத விடுறியா?” என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். பாஞ்சாலி அக்கா வாசலுக்கு ஓடினான். அது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, “குடிச்சிகினு வந்து செத்தவர பத்திப் பேசாத, போய்யா” என்று கதவைச் சாத்திவிட்டது.

அண்ணன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. வேறு கம்பெனிக்கு வேலைக்குப் போனான். கேட்டில் ஊதச் சொல்லும் மெஷினில் பூஜ்யம் காட்டியது. ஆனாலும் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை, நாற்றம் அப்படி. ஊருக்குப் போய்விட்டான். கட்டின பெண்டாட்டிகூட நம்பவில்லை.

நாகப்பனுக்கு என்ன ஆச்சு என்றா கேட்கிறாய்? ஒரு மயிரும் ஆகவில்லை. வண்டி ஜெயித்தது. புது ஷெட் கட்டியிருக்கிறான். பேய்க்குக்கூட முதலாளி என்றால் பயம் போல, நம்மிடம்தான் வருகிறது.

அந்த மூன்றாவது ஆள் யார் என்று யாருமே கேட்கவில்லை பார். போலீஸும் கேட்கவில்லை.

நான்தான். எதற்கு வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கவில்லை. தெரியும். தரையில் கிடந்த சாமியைத் தாண்டித்தான் கடைக்கு ஓடினேன்.

இன்றைக்குக் காலையிலிருந்து டீயைத் தவிர எதுவும் என் வாயில் படவில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வாளியில் கை கழுவினேன். நாலு குமிழி வந்தது. அதிலிருந்துதான் இந்த நாற்றம். விடிந்ததும் பாஞ்சாலி அக்காவிடம் போய்ச் சொல்லப் போகிறேன். தனியாகப் போனால் கதவு திறக்காது. உங்களில் ஒருத்தன் கூட வர வேண்டும். இந்தப் பேச்சிராஜ் குடிக்கவில்லை என்று ஒருத்தன் சொன்னால் போதும். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். அந்தோணி, கிட்டே வா. நன்றாக மோந்து பார்...

என்னடா சிரிக்கிறாய்?

“ரொம்ப ஓவராயிட்டுல. பேசாம படு” என்கிறாயா? சரி. படுக்கிறேன். மெழுகுவர்த்தியை மட்டும் நீயே ஊதி அணைத்துவிடு. நான் ஊதினால் அது அணைய மாட்டேன் என்கிறது. நீலமாகப் பற்றி எரிகிறது.