பித்தளைக் குழாய்

பாலகோபாலுக்கு ரசச்சோறு குழைவாக இருந்தால்தான் இறங்கும். ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லிவிடுங்கள், இன்ஸ்பெக்டர். தம்பியின் நாக்கு எனக்குத்தான் தெரியும். அம்மா பிரசவத்தில் போனபிறகு, கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று அவனை வளர்த்தவள் நான்.

போத்தனூர் ரயில்வே காலனிச் சட்டைக்காரர்கள், அந்த ஆங்கிலோ இந்தியர்கள்தான், அவன் கையில் கிதாரைக் கொடுத்துக் கெடுத்தார்கள். அமெரிக்காவில் கறுப்பர்கள் அழுது பாடுகிற பாட்டாம், ப்ளூஸ் என்பான். மூன்று வேளையும் நான் பிசைந்து வைத்ததைத் தின்றவனுக்கு என்ன அழுகை? அறுபத்துமூன்றாம் வருஷம் பம்பாய் ஓட்டல் ஒன்றில் பாடக் கூப்பிட்டார்கள். "போயிட்டு வாரேனுங்கக்கா" என்றான். என்னைக் கேட்கவில்லை, சொன்னான்.

மறுநாள் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும்போது மிஷினில் தட்டு சிக்கியது. மோட்டாரை நிறுத்தினேன். "கையை உட்டு எடு கண்ணு" என்றேன். அவன் எடுத்துக்கொண்டிருக்கும்போது சுவிட்சைப் போட்டேன். இடது கையில் மூன்று விரல்கள் போயின. ஊரே வந்து எனக்கு ஆறுதல் சொன்னது.

பம்பாய் நின்றது. சட்டைப் பொத்தான்கூட நான்தான் போட்டுவிட்டேன். நிம்மதியாக இருந்தோம்.

அவன் சும்மா கிடக்கவில்லை. பீளமேட்டுப் பட்டறை ஒன்றில் பித்தளைக் குழாய்த் துண்டு அறுத்து வாங்கி, மிஞ்சிய சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டான். அதைக் கம்பிமேல் இழுத்தால் கிதார் மனுஷக் குரலில் அழும். முன்பு வெறுமனே கைதட்டியவர்கள் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருநாள் மேடையில், "இந்தச் சத்தத்தக் குடுத்தது எங்க வரலட்சுமியக்காங்க" என்றான். சனம் என்னைப் பார்த்துக் கைதட்டியது. அவன் மட்டும் பார்க்கவில்லை. தெரிந்துதான் இத்தனை நாள் என் சோற்றைத் தின்றிருக்கிறான்.

மறுபடி பம்பாய் கூப்பிட்டது. நேற்று மத்தியானம் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தூங்கினான். வலது கை கட்டில் சட்டத்தின்மேல் கிடந்தது. கொடுவாளை எடுத்தவள் நான்தான். ஒரே வெட்டு. புடவையைக் கிழித்து இறுகக் கட்டி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவளும் நான்தான். அவன் சாக வேண்டுமென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இன்று காலை, நீங்கள் வருவதற்கு முன், சோற்றை உருட்டி வாயருகே நீட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். ஊருக்கெல்லாம் திறந்த வாய், எனக்குத் திறக்கவில்லை. பசித்தால் தானாகத் திறப்பான். இனி வேறு கை ஏது அவனுக்கு? சாயங்காலம் சோறு கொண்டுபோக என்னை விட்டுவிடுவீர்கள் அல்லவா?