ஜப்திக்காரன் சிரித்த ஆட்டம்

— கோப்பை உன் பக்கத்து நாற்காலியில ஜம்முனு உட்கார்ந்திருக்கு, பாரி. நீ ஏன்யா எழவு வீட்டுக்காரன் மாதிரி இருக்க?

— பேசாத, நெவில். காலங்கார்த்தால என் வாயைக் கிளறாத. இந்தக் கோப்பையை நீயே எடுத்துட்டுப் போ. எனக்கு வேண்டாம்.

— இறுதி ஆட்டத்துல ஜெயிச்சது நீ.

— ஜெயிச்சேன். யார் பார்த்தா? மண்டபம் நிரம்பி வழிஞ்சுது. அத்தனை பேரும் தோத்த உன்னைத்தான் பார்த்தாங்க. சொல்றேன் கேளு. நான் கடைசி அம்பை எறியறேன். பலகை ஓரத்துல ஆட்டத்தை முடிக்கற டபுள் கட்டத்துல போய் நச்சுனு குத்துது. கூட்டம் என்ன பாடுச்சு? ‘ஜப்திக்காரன் ஒழிஞ்சான்’னு உன் பட்டப்பேரை வச்சுப் பாடுச்சுடா. ‘பாரி ஜெயிச்சான்’னு ஒரு வாய் பாடல.

— சரி, விடு.

— எப்படி விடறது? இருபத்தஞ்சு வருஷமா நானும் டார்ட்ஸ் ஆடறேன். நான் மேடை ஏறினா ஜனம் பீர் வாங்க எழுந்து போகும். நீ ஏறினா பீர் வாங்கப் போன ஜனம் பாதி டம்ளரைக் கீழ கொட்டிக்கிட்டு ஓடி வரும், உன்னைப் பார்த்து ஊன்னு ஊளையிட. ‘உன் ஆட்டம் நடக்கறப்போதான் நான் வயித்தை நிரப்பிக்கப் போவேன்’னு ஒருத்தன் என்கிட்டயே சொல்லிட்டு, கூட நின்னு படமும் எடுத்துக்கிட்டான்.

— நல்ல மனுஷன்னு உன்னைச் சொல்றாங்களேய்யா.

— நல்ல மனுஷன். பாயசத்துல உப்பு இருந்தாக்கூட நாலு பேர் பேசுவாங்க. நான் தண்ணிடா. பச்சைத் தண்ணி.

— மெதுவா. பரிமாறற வின்னி தட்டோட வர்றா.

— ரெண்டு பேரும் என்ன சண்டை? பாரி கண்ணு, இந்தா உன் தட்டு. முட்டை ரெண்டு, சாசேஜ் மூணு. மூணாவது நானா வச்சது, முதலாளிகிட்ட சொல்லிடாத. நேத்து டிவியில பார்த்துட்டு அழுதுட்டேன் போ.

— நன்றி, வின்னி.

— உடம்பு சரியில்லையா, தங்கம்? மேடையில ஒவ்வொரு தடவையும் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே நின்னியே. காய்ச்சலா?

— காய்ச்சல் இல்ல வின்னி. திமிரு.

— உனக்கா? திமிருன்னா எழுதத் தெரியுமா உனக்கு? போப்பா. இந்தா, ஜப்தித் துரை, உம்ம ரொட்டி. சமையக்காரன் பொன் நிறமாத்தான் சுட்டான். நான்தான் அடுப்புக்கிட்ட நின்னு கருக்கிக் கொண்டாந்தேன்.

— வெண்ணெய் கிடைக்குமா?

— ஊஊஊ.

— சரி, வேண்டாம்.

— போறா பார் சிரிச்சுக்கிட்டே. பார்த்தியா, நெவில்? எனக்கு ஆஸ்பத்திரி நோயாளிக்குப் போடற மாதிரி கூட ஒரு சாசேஜ். உனக்காக நின்னு, வேலையை விட்டுட்டு, கை சுட ரொட்டியைக் கருக்கியிருக்கா. அவ்வளவு மெனக்கெட்டு என்னை யாராவது வெறுத்திருக்காங்களா?

— வேணும்னா தின்னு பாரு. கரியா இருக்கு.

— கொண்டா. ... கரிதான். ஆனா பொறாமையா இருக்கு.

— நீ கேட்டேன்னுதானே நேத்து மாத்தி ஆடினோம். நான் சிரிக்கறது, நீ முறைக்கறது. அம்பை ரெண்டு பேரும் ஒழுங்கா எறியறது, நடிப்பை மட்டும் மாத்திக்கறதுன்னு பேசினபடிதானே நடந்துச்சு?

— நடந்துச்சு. என்ன நடந்துச்சுன்னு நீயே சொல்லு. நான் முதுகைக் காட்டினேன். தண்ணியை மூணு நிமிஷம் குடிச்சேன். உன்னை மாதிரியே ஒவ்வொரு அம்பையும் துண்டால துடைச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, திரும்பத் துடைச்சேன். கூட்டத்தைப் பார்த்து உதட்டைச் சுழிச்சேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்குதுடா. ‘பாரி ஜப்திக்காரனைக் கிண்டல் பண்றான்’னு கை தட்டுது. முன் வரிசையில ஒரு அம்மா எனக்கு முத்தம் பறக்க விட்டா. அவளுக்கு என் அம்மா வயசு.

— பார்த்தேன்.

— ஒரே ஒரு ஊளை. அதுதான்டா கேட்டேன். ஒருத்தன் மனசார ஊன்னு சொல்லியிருந்தா இந்தக் கோப்பையை அவன் கையில கொடுத்திருப்பேன். என்னைத் திட்டக்கூட அவங்களுக்கு மனசு வரல.

— எனக்கு மட்டும் என்ன நடந்துச்சாம்? சிரிச்சேன். கையாட்டினேன். நீ நல்லா எறிஞ்சப்போ உன் தோளைத் தட்டினேன். ஒரு நிமிஷம் மண்டபமே கப்சிப். எனக்கே நம்பிக்கை வந்துச்சு. அப்புறம் மாடியிலேர்ந்து ஒருத்தன், ‘டேய், நம்மளைப் பார்த்துச் சிரிக்கறான்டா’ன்னான். அவ்வளவுதான்.

— கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு. என் வாழ்நாள்ல அப்படி ஒரு ஊளை கேட்டதில்ல. பக்கத்துல நின்ன எனக்குப் பல்லு ஆடுச்சு. முறைச்சாலும் உனக்கு, சிரிச்சாலும் உனக்கு. இதுக்கு என்ன பேரு?

— தலையெழுத்து.

— தலையெழுத்து என்னுதுடா. சொல்றேன் கேளு. டார்ட்ஸ் ஜாம்பவான் ஆல்பர்ட் கிழவரோட கடைசி ஆட்டம் ஞாபகம் இருக்கா? ஊரே அழுதுச்சு. அந்த ஆளை அன்னிக்கு எதிர்த்து ஆடியிருக்க வேண்டியது நான். முந்தின சுற்றுல நீ என்னை எத்தனை அம்பு வித்தியாசத்துல ஜெயிச்ச?

— ஒரு அம்புல.

— ஒரு அம்பு. டபுள் கட்டத்துக் கம்பிக்கு வெளியே ஒரு நூல் தள்ளிக் குத்துச்சு என்னுது. உள்ளே குத்தியிருந்தா அந்தக் கிழவரை நான் ஜெயிச்சிருப்பேன். ‘வீட்டுச் சாமானை அள்ளிட்டுப் போக வந்த ஜப்திக்காரன்’னு மறுநாள் பேப்பர்ல உன் பேருக்குப் பதிலா என் பேர் வந்திருக்கும். அந்த ஊளை எனக்கு வந்திருக்க வேண்டியது. நீ தட்டிப் பறிச்ச.

— நான் எதையும் பறிக்கலய்யா. பயந்து செத்தேன். அவ்வளவு பெரிய ஆள் எதிர்ல, மண்டபமே மூக்கைச் சிந்துது. அம்பு வேர்வையில வழுக்குது. அதான் துடைச்சேன். கிழவரைக் காக்க வச்சு அவமானப்படுத்தறேன்னு முதல் ஊளை எழுந்துச்சு. வேர்வைய்யா அது. வெறும் வேர்வை.

— இத்தனை வருஷமா இதை ஏன் சொல்லல?

— அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் ரெண்டு மடங்கு வந்துச்சு. அமைப்பாளர் என் காதுல, ‘துடைக்கறதை விட்டுடாத’ன்னார். விடல.

— அப்படிப்பட்டவன் நேத்து ஏன் ஒத்துக்கிட்ட? நான் கேட்ட உடனே சரின்னுட்டியே. உன் பிழைப்பே அந்த மூஞ்சிதான். நானா இருந்தா கொடுத்திருக்க மாட்டேன்.

— உன்மேல எனக்கு எரிச்சல் இருக்காதுன்னு நினைச்சியா?

— என்மேலயா? எதுக்கு?

— என் மக ஹேசல் சின்னப் பொண்ணா இருந்தப்போ உன் படம் போட்ட பனியனைத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போவா. என் படம் போட்டா பசங்க அடிப்பானுங்க. ‘பாரி மாமா மாதிரி நீயும் சிரியேன்ப்பா’ம்பா. சாயங்காலம் டிவியில நீ வந்தா கை தட்டுவா. நான் அடுப்படியில நின்னு கேப்பேன்.

— எனக்குத் தெரியாது, நெவில்.

— நேத்து அவ வந்திருந்தா.

— ஹேசலா? உன்கூடப் பேசறதே இல்லைன்னு சொன்ன?

— கல்யாணத்துக்கு அப்புறம் பேசல. அவ புருஷன்தான் முந்தாநாள் போன் பண்ணினான். ‘பிள்ளைங்களோட பிளாக்பூல் கடற்கரைக்கு வர்றோம், எப்படியாவது ஆட்டத்துக்குக் கூட்டிட்டு வந்துடறேன், கூட்டத்துல நீங்க எங்களைத் தேடாதீங்க’ன்னான். மறுநாள் நீ வந்து மாத்தி ஆடுவோமான்னு கேக்கற. அவ முன்னாடி ஒரு தடவையாவது எனக்குக் கை தட்டட்டுமேன்னு ஆசைப்பட்டுட்டேன்.

— கல்யாணத்துல என்னதான் ஆச்சு? ஆட்டம் இருந்துச்சுன்னு நான் வரல. யாரும் சொல்லவும் இல்ல.

— விருந்துல ரெண்டு வார்த்தை பேச எழுந்தேன். எழுதி வச்ச காகிதத்தைப் பிரிக்கறேன். மாப்பிள்ளையோட கூட்டாளி ஒருத்தன் விளையாட்டுக்கு ஊன்னான்.

— விளையாட்டுக்குத்தானே.

— விளையாட்டுக்குத்தான். சிரிச்சுட்டுப் பேச்சை ஆரம்பிச்சிருக்கலாம். இந்தக் கை இருக்கு பார், அது தானா எழுந்து காதோரம் போய் நின்னுச்சு. கேக்கல, இன்னும் சத்தமாங்கிற மாதிரி.

— ஐயோ.

— மண்டபமே ஊளையிட்டுச்சு. பாதிரியாரும்தான். மேசையைத் தட்டறாங்க, காலை உதைக்கறாங்க. எனக்கு உடம்பெல்லாம் சூடு ஏறுது, இன்னும் வேணும் இன்னும் வேணும்னு கையை ஆட்டறேன். குனிஞ்சு பார்த்தா மணப்பொண்ணு நாற்காலி காலி.

— எங்க போயிட்டா?

— கார் நிறுத்தற இடத்துல, மழையில, கல்யாண கவுனோட நின்னா. ‘இன்னிக்கு ஒரு நாளாவது எனக்கு அப்பாவா இருந்திருக்கலாம்’னா. அதுதான் கடைசி. வாழ்த்து அட்டை போட்டா திரும்பி வரும். பேரப்பிள்ளைங்க பிறந்ததே டிவிக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

— நேத்து அவளைப் பார்த்தியா?

— தேடக் கூடாதுன்னுதான் ஏறினேன். மூணாவது வரிசை ஓரத்துல இருந்தா. மஞ்சள் கோட்டு. கையைக் கட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு. சுத்தி எல்லாரும் கத்தறாங்க. பிள்ளைங்க ரெண்டும் பயந்து அவ மடியில முகத்தை வச்சுக்கிச்சு. நான் இன்னும் சிரிச்சேன். சிரிக்கச் சிரிக்க சத்தம் கூடுது. எனக்கு நிறுத்தத் தெரியல.

— இது தெரிஞ்சிருந்தா நான் இந்த விளையாட்டுக்கே உன்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்டா. நெஜமா.

— கடைசி ஆட்டத்துல எனக்கு ஒரு டபுள்தான் பாக்கி. குத்தினா கோப்பை என்னுது. மூணு அம்பு கையில.

— மூணையும் வெளியே போட்ட. நீ அதைக் கண்ணை மூடிக்கிட்டுப் போடுவியேன்னு நானே அதிர்ந்துட்டேன். முதல் ரெண்டு எப்படிப் போச்சுன்னு இன்னும் புரியல.

— முதல் ரெண்டு என் தப்பு. மூணாவதுக்குக் கையைத் தூக்கறேன். கூட்டம் கத்திக் களைச்சு ஒரு நொடி மூச்சு வாங்குச்சு. அந்த ஒரு நொடியில, ஒத்தைக் குரல்ல, ஒரு ஊளை.

— கேட்டேன். பொம்பளைக் குரல். கீச்சுனு.

— ஹேசல். எழுந்து நின்னு, ரெண்டு கையையும் வாய்கிட்ட குவிச்சு, கழுத்து நரம்பு புடைக்க.

— அடப்பாவமே. பெத்த மகளா? என்னை மன்னிச்சுடு, நெவில். ஊளை ஊளைன்னு காலையிலேர்ந்து உன் உயிரை எடுத்துட்டேன். உனக்கு எப்படி இருந்திருக்கும்.

— எதுக்குய்யா என்னைப் பார்த்துப் பாவப்படற? ஆறு வருஷத்துல அவ என்கிட்ட பேசின முதல் பேச்சு அது.